கிளி எங்கே கிடைக்கும்?

தமிழ் மக்களின் வாழ்வில் கிளி பெற்றுள்ள இடம் வேறெந்தப் பறவைக்கும் எளிதிற் கிட்டாததாகும். மதுரையில் மீனாட்சியம்மையின் கையில் கிளி அமர்ந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கரத்திற்கு இலைகளாலும் பூவிதழ்களாலும் நாள்தோறும் புதிய கிளியொன்று செய்து சாத்தப்படுகிறது. மழலை பேசும் குழந்தையைக் கிளிப்பிள்ளை என்று கொஞ்சுகிறோம்; பொருள் அறியாமல் ஒப்பிக்கும் மாணவனையும் கிளிப்பிள்ளை என்றே கண்டிக்கிறோம். கன்னட மொழியிலும் இப்பறவையின் பெயர் ஏறக்குறைய இதுவே. இத்துணைப் பழகிய பறவையைத் தம் வீட்டிலும் வைத்து வளர்க்க வேண்டுமென்று பலர் விரும்புவது வியப்பன்று.

பெங்களூர் நகரில் அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. சிவாஜிநகரிலுள்ள ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் பறவைக் கடைகளும் உள்ளன. ஆகவே “கிளி எங்கே கிடைக்கும்?” என்னும் கேள்வி அந்நகரில் அடிக்கடி எழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரிடம் இதனைக் கேட்கின்றனர். கிராமத்தார் களப்பணியாளரிடம் கேட்கின்றனர். இக்கேள்விக்குப் பொருத்தமான விடையளிக்க வேண்டுமாயின், பறவை இயல், சட்டம், சுகாதாரம் ஆகிய மூன்றையும் ஒருசேர அறிதல் வேண்டும்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். நம் நாட்டுக்குரிய பச்சைக்கிளி எக்கடையிலும் முறைப்படி விற்பனைக்குக் கிடையாது. கூண்டிலேயே பிறந்த சில வெளிநாட்டுக் கிளிகளை, உரிய பதிவுகளுடன், வாங்கி வளர்க்கலாம். கூண்டும் செலவும் இன்றிக் கிளியைக் காணும் வழி மூன்றாவதாக ஒன்றுண்டு. இம்மூன்றின் காரணங்களும் விவரங்களும் கீழே தரப்படுகின்றன.

நம் நாட்டுக் கிளிகள்

இந்தியாவில் சுமார் 12 கிளி இனங்கள் உள்ளன. இவற்றுள் தென்னாட்டிற் காணத்தக்கவை ஐந்து.

முதலாவது, எங்கும் பரவியுள்ள சாதாரணப் பச்சைக்கிளி. செந்தார்ப் பைங்கிளி என்பதும் இதுவே. வால் உட்பட இதன் நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. ஆணின் கழுத்தில் கருமையும் இளஞ்சிவப்புமான ஆரம் ஒன்றுண்டு; பெண்ணுக்கும் குஞ்சுக்கும் இது இல்லை. ஆண் குஞ்சு மூன்றாம் ஆண்டையொட்டியே ஆரத்தைப் பெறுகிறது. ஆகவே ஆரமற்ற இளங்கிளியைக் காட்டி “இது ஆண், இது பெண்” என்று ஒருவர் உறுதி கூறுவாராயின், அவ்வுறுதிக்கு ஆதாரமில்லை என்பதை உணர்தல் வேண்டும்.

இரண்டாவது பெரிய பச்சைக்கிளி. நீளம் 50 செ.மீ.க்கும் மேற்பட்டது, அலகு மிகப் பெரியது, தோளில் செம்மறு ஒன்று உண்டு. மாவீரன் அலெக்ஸாண்டரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கப்படுவது இதுவே. நன்கு பேசும் என்னும் புகழே இவ்வினத்திற்குப் பகையாக முடிந்தது. குஞ்சுகளைப் பிடிப்பதாலும் மரங்கள் அழிவதாலும் இவ்வினம் குறைந்து வருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை ஆபத்தை நெருங்கிவரும் இனங்களுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது.

மூன்றாவது செந்தலைக் கிளி. ஆணின் தலை கனிந்த நாவற்பழமும் ரோஜாவும் கலந்தாற்போன்ற நிறமுடையது. பெண்ணின் தலை சாம்பல் நிறம். நான்காவது நீலச்சிறகுக் கிளி; இது மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஐந்தாவது சின்னக்கிளி. குருவியளவே உள்ள இது, வௌவாலைப்போல் கிளையில் தலைகீழாகத் தொங்கி உறங்கும் இயல்பினது.

பெங்களூரில் லால்பாக் தோட்டத்திலும் கப்பன் பூங்காவிலும் பழைய சாலையோர மரங்களிலும் பச்சைக்கிளிகளை நாள்தோறும் காணலாம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கும், 1870இல் அமைந்த கப்பன் பூங்காவும் முதிர்ந்த மரங்கள் நிறைந்தவை. முதிர்ந்த மரங்களில்தான் பொந்துகள் அமையும். பொந்துகள் உள்ள இடத்தில்தான் கிளி குடும்பம் நடத்தும்.

பொந்திலிருந்து கூண்டிற்கு

கிளி கூடு கட்டுவதில்லை. மரப்பொந்திலோ, பழஞ்சுவர்களின் இடுக்கிலோ முட்டையிடுகிறது. தென்னாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களிற் தொடங்கி ஏப்ரல் வரையில் இனப்பெருக்கக் காலம் நீடிக்கிறது. ஓர் ஈட்டில் நான்கைந்து வெண்ணிற முட்டைகள் காணப்படும். ஏறக்குறைய மூன்று வாரத்திற் குஞ்சுகள் பொரிக்கின்றன. அப்போது அவற்றிற்கு இறகுமில்லை, கண்ணும் திறந்திராது. தாய் தந்தையர் தாம் உண்ட உணவைக் கக்கி ஊட்டி வளர்க்கின்றன. ஆறேழு வாரங்கள் கழிந்த பின்னரே குஞ்சு பறந்து வெளிவருகிறது.

கூண்டுக் கிளி வியாபாரம் இந்த ஆறேழு வார இடைவெளியை நம்பியே நடைபெறுகிறது. வளர்ந்த கிளி மனிதனிடம் எளிதிற் பழகாது. ஆகையால் இறகு முளைக்கும் பருவத்துக் குஞ்சையே நாடுகின்றனர். மரமேறுவோர் பொந்தின் வாயைக் கத்தியால் அகலப்படுத்திக் குஞ்சுகளை எடுக்கின்றனர். சிதைந்த பொந்து அடுத்த ஆண்டுகளில் கிளிக்கும் உதவாது. மைனா, ஆந்தை முதலிய பிற பொந்துவாழ் பறவைகளுக்கும் உதவாது. ஒரு குஞ்சுக்காகப் பல தலைமுறைகளின் வீடே அழிகிறது.

எடுக்கப்பட்ட குஞ்சுகள் சிறு கூடைகளிலும் பைகளிலும் நெருக்கி அடைக்கப்பட்டு, இடைத்தரகர் பலரின் கைமாறி நகரை அடைகின்றன. பசியாலும் வெப்பத்தாலும் மூச்சு முட்டியும் வழியிலேயே பல இறந்துபடுகின்றன. வாங்குவோர் காண்பது எஞ்சிய ஒன்றை மட்டுமே. பறவை வாணிகத்தை ஆராய்ந்துவரும் டிராபிக் என்னும் நிறுவனம், இந்தியக் கிளி இனங்களில் எட்டு தொடர்ந்து களவாக விற்கப்படுவதாகக் கண்டறிந்துள்ளது. இவ்வாணிகத்தில் மோசடியும் உண்டு. சாதாரணத் தினைக்குருவிகளுக்குப் பச்சைச் சாயம் பூசி அரிய பறவை என விற்பது நெடுநாளாக அறியப்பட்ட தந்திரமாகும். முதல் குளியலிலேயே அச்சாயம் கரைந்துவிடும்.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. இச்சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குச் சுடுவது, கொல்வது என்பன மட்டும் பொருளல்ல. உயிருடன் பிடிப்பதும், பொறி வைப்பதும், முட்டைகளை எடுப்பதும், கூட்டைக் குலைப்பதும் வேட்டையே ஆகும். 1990-91இல் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் உள்நாட்டு வாணிகமும் தடை செய்யப்பட்டது. அதன் பின்னர் இந்தியக் கிளியை விற்பதற்கு எக்கடைக்கும் அனுமதி இல்லை.

சட்டத்தின் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டன. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளி, இப்போதும் பாதுகாக்கப்பட்ட இனமே. இச்சட்டத்தின் பொதுவான குற்றங்களுக்கு மூன்றாண்டுகள் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திருத்தத்திற்கு முன் அபராத வரம்பு 25,000 ரூபாயாக இருந்தது.

“எங்கள் தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோமே” என்று சிலர் கூறுவர். வழக்கம் பழையதாயிருத்தல் சட்டத்திற்கு விலக்காகாது. 2024 ஏப்ரலில் கடலூர் மாவட்டத்தில், தேர்தல் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோதிடம் கூறிய செய்தி பரவியபின், வன இலாகாவினர் ஜோதிடரின் கிளிகளைக் கைப்பற்றினர். ஊரறிந்த தொழிலாயினும் சட்டம் அதன்மேல் பாயக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். அதே வேளையில், இத்தொழிலை நம்பியுள்ளோர் பெரும்பாலும் ஏழைகள் என்பதையும் களப்பணியாளர் மறத்தலாகாது. அச்சுறுத்துவதைக் காட்டிலும், சட்டத்தை முன்னதாகவே எடுத்துரைத்து வேறு வழி காட்டுவதே பயன் தரும்.

வெளிநாட்டுக் கிளிகள்

கடைகளில் முறைப்படி விற்கப்படும் சிறு கிளிகளிற் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்டவை. இங்கு ஒரு பெயர்க் குழப்பத்தை விளக்குதல் அவசியம். நம் ஊர்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் மஞ்சள், பச்சை, நீலநிறச் சிறு பறவை உண்மையில் லவ் பேர்ட் அன்று. அது ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழும் பட்ஜரிகார் என்னும் சிறு கிளி. 1840இல் ஜான் கோல்டு என்னும் பறவை அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். காட்டில் இதன் நிறம் பச்சையே. பிற நிறங்கள் கூண்டில் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் உண்டானவை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுக்குரியது. கடைக்காரர் இதனை ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்’ என்பர். தலையிற் கொண்டையுடைய காக்கட்டீல் என்பதும் ஆஸ்திரேலியக் கிளியே.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தது. உலகின் கிளி இனங்கள் ஏறக்குறைய யாவும் இவ்வுடன்படிக்கையின் பட்டியல்களில் அடங்கும். பட்ஜரிகார், காக்கட்டீல், லவ் பேர்டுகளுள் ரோஜா முகமுடைய ஓரினம் ஆகியவை இதற்கு விலக்கானவை. நம் பச்சைக்கிளியும் அப்பட்டியல்களில் இல்லை. ஆனால் நம் நாட்டுச் சட்டம் தனியே அதனைப் பாதுகாக்கிறது. இவ்வேற்றுமையை அறியாதோர் “சர்வதேசப் பட்டியலில் இல்லை, ஆகவே வாங்கலாம்” என்று தவறாக முடிவு செய்கின்றனர்.

ஆப்பிரிக்கச் சாம்பற் கிளி, மக்கா, காக்கட்டூ போன்றவை சைட்டிஸ் பட்டியலில் உள்ளன. 2016இல் ஜோஹன்னஸ்பர்க் நகரிற் கூடிய மாநாட்டின் முடிவால் சாம்பற் கிளி மிகக் கடுமையான முதற் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சைட்டிஸ் பட்டியல் இனங்களை நம் நாட்டில் வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 2022ஆம் ஆண்டின் திருத்தம் விதிக்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. மத்திய அரசாங்கத்தின் பரிவேஷ் இணையவாயில் வழியாக மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றையும் தெரிவித்தல் கடமையாகும்.

எனவே, வாங்க விரும்புவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். பறவையின் இனம் எது? அது கூண்டிற் பிறந்ததா? பட்டியல் இனமாயின் பதிவுச் சான்று எங்கே? 2018ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி அக்கடை மாநிலப் பிராணி நல வாரியத்திற் பதிவு பெற்றதா? இவற்றுள் ஒன்றற்கேனும் தெளிவான விடை கிட்டாவிடின் வெறுங்கையுடன் திரும்புவதே அறிவுடைமை. நீலமும் மஞ்சளுமான ஆரக்கிளிகளும் சில இடங்களிற் காட்டப்படுகின்றன. நிறம் மாறினும் இனம் மாறுவதில்லை. அவையும் பச்சைக்கிளி இனத்தவையே. அத்தகையவற்றைக் குறித்து முதலில் வன இலாகாவைக் கேட்டறிதல் வேண்டும்.

வளர்ப்போர் அறிய வேண்டியவை

கிளி வளர்ப்பு சில மாதப் பொழுதுபோக்கன்று. பட்ஜரிகார் ஐந்து முதல் பத்தாண்டுகள் வாழும். காக்கட்டீல் பதினைந்து ஆண்டுகளையும் கடக்கும். சாம்பற் கிளியும் மக்காவும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியவை. நடுவயதில் ஒருவர் வாங்கும் மக்கா, அவர் பிள்ளைகளின் பொறுப்பாக முடியும்.

வெறும் தானியத்தையும் சூரியகாந்தி விதையையும் மட்டும் தின்னும் கிளிக்குக் கொழுப்பு மிகும். வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து ஆகியவை குறையும். கீரை, காரட், கொய்யா, முளைகட்டிய பயறு முதலியன சேர்த்தல் வேண்டும். அவகாடோ என்னும் வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சாகும். மிளகாயைக் கிளி விரும்பித் தின்பது பலருக்கு வியப்பளிக்கிறது. பாலூட்டிகளின் நரம்பில் எரிச்சலை உண்டாக்கும் காரப்பொருள், பறவைகளின் நரம்புகளைத் தூண்டுவதில்லை என்பதே இதற்குக் காரணம். மிளகாய் தின்றால் கிளி நன்கு பேசும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் ஏதுமில்லை.

பேச்சுக்காக நாக்கைச் சுரண்டும் கொடிய வழக்கமும் பயனற்றது. பறவையின் ஒலி அதன் மூச்சுக்குழல் கிளைக்கும் இடத்திலுள்ள குரலுறுப்பில் பிறக்கிறது. கிளி கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டத்தின் ஒலிகளைக் கற்றுத் திருப்பிச் சொல்லுதல் அதன் இயற்கை. தன்னினம் எதையும் காணாத கூண்டுக் கிளி, மனிதரையே தன் கூட்டமாகக் கொண்டு அவர் ஒலிகளைக் கற்கிறது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பர்க் என்னும் விஞ்ஞானி 1977 முதல் 2007 வரையில் அலெக்ஸ் என்னும் சாம்பற் கிளியை ஆராய்ந்து, பொருள்களின் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றை அது வேறுபடுத்திச் சொல்லக்கூடியது என்று காட்டினார். இத்தகைய அறிவுடைய உயிரைத் தனிமையில் அடைத்தால், சலிப்பால் அது தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதுண்டு.

சுகாதாரமும் கவனிக்கத்தக்கது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டக்கோசிஸ் என்னும் நோய் ஒருவகை நுண்ணுயிரால் உண்டாவது. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சுடன் இழுப்பதால் பரவுகிறது. காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் தோன்றும். கூண்டை ஈரத்துணியால் துடைத்தல், பின்னர் சோப்பிட்டுக் கைகழுவுதல், கூண்டைச் சமையலறையில் வைக்காமை ஆகியவை எளிய காப்புகள். பறவை வளர்ப்போருக்கு நீடித்த காய்ச்சலும் இருமலும் கண்டால், பறவை வளர்க்கும் செய்தியை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும்.

ஏற்கெனவே கூண்டில் உள்ள கிளியை என் செய்வது?

ஆசிரியர்களுக்கு மிகுந்த சங்கடத்தை விளைவிக்கும் கேள்வி இதுவே. சட்டப்பாடம் நடந்த மறுநாள், ஒரு மாணவி எழுந்து, “எங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது, திறந்து விட்டுவிடட்டுமா?” என்று கேட்கிறாள் என வைத்துக்கொள்வோம். ‘திறந்து விடு’ என்பது இரக்கமுள்ள விடையாகத் தோன்றும். ஆயினும் அது தவறான விடை.

குஞ்சுப் பருவத்திலிருந்து கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. பருந்தையும் பூனையையும் கண்டு அஞ்சத் தெரியாது. ஆண்டுக்கணக்கிற் பறவாமையால் அதன் மார்புத் தசைகள் மெலிந்திருக்கும். பலவற்றின் சிறகிறகுகளும் வெட்டப்பட்டிருக்கும். அத்தகைய கிளி காகங்களுக்கு இரையாகும், அல்லது அடுத்த வீட்டாரிடம் சிக்கும். அதனிடம் நோயிருப்பின் காட்டுக் கிளிகளுக்கும் அது பரவும்.

சரியான வழி வன இலாகாவிடம் ஒப்படைத்தலாகும். பெங்களூரில் வன இலாகாவின் தலைமையகமான அரண்ய பவன் மல்லேசுவரத்தில் உள்ளது. வனச்சரக அலுவலரையும் அணுகலாம். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் என்னும் அமைப்பு 1996 முதல் வனவிலங்கு மருத்துவமனை ஒன்றை நடத்தி வருகிறது. இத்தகைய மையங்களில் பறவை முதலிற் சோதிக்கப்படுகிறது. பின்னர் தன் இனத்தோடு பெரிய கூண்டில் விடப்பட்டுப் பறக்கப் பழகுகிறது. தகுதி பெற்ற பின்னரே வெளிவிடப்படுகிறது. எல்லாக் கிளிகளும் அத்தகுதியைப் பெறுவதில்லை என்பதையும் ஒளிக்காமற் கூறிவிட வேண்டும்.

அம்மாணவிக்கு அக்கிளி ஒரு தோழி. ஆதலின் ஆசிரியர் அவளை வகுப்பில் குற்றவாளியாக நிறுத்துதல் தகாது. பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுவதும், தாமாக முன்வந்து ஒப்படைக்கும் குடும்பத்திற்கு உடன் செல்வதும் ஏற்ற முறையாகும். இனிக் குஞ்சு வாங்குவதில்லை என்னும் உறுதியே இதிற் கிட்டும் பெரும்பயன்.

புண்ணியம் கருதிக் கடையிற் கிளியை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவோரும் உளர். அவர் கொடுக்கும் பணம், அடுத்த பருவத்தில் மேலும் சில பொந்துகளைக் குலைக்கவே செலவாகும்.

மரத்தடியிற் குஞ்சு விழுந்து கிடக்கக் கண்டால், காயமில்லாததும் இறகு முளைத்ததுமான குஞ்சை அருகிலுள்ள கிளையில் அமர்த்திவிட்டுத் தொலைவில் நின்று கவனிக்கலாம். பெற்றோர் திரும்பி வருவதுண்டு. காயமுற்றதையும் இறகற்றதையும் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து, உடனே மீட்பு மையத்திற்குச் சேர்ப்பித்தல் வேண்டும். பாலூட்டலாகாது, வாயில் நீர் ஊற்றலும் ஆகாது. மூச்சுக்குழலில் நீர் புகுந்து குஞ்சு இறந்துவிடும்.

உழவரும் கிளியும்

நகரத்தாரின் செல்லப் பறவையை உழவர் பகைவனாகக் கருதுவதும் உண்மையே. சூரியகாந்தி, சோளம், மக்காச்சோளம், கொய்யா ஆகியவற்றைக் கிளிக்கூட்டம் தாக்குகிறது. தின்பதைவிடக் கடித்து வீசுவது மிகுதி. “பிடித்து விற்றால் பயிரும் பிழைக்கும், காசும் கிடைக்கும்” என்னும் வாதம் கிராமங்களில் எழும்போது, சட்டத்தை மட்டும் காட்டினால் போதாது. பயிரைக் காக்கும் வழியையும் காட்ட வேண்டும்.

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பறவையியல் திட்டத்தின்கீழ்ச் சில எளிய முறைகள் சோதிக்கப்பட்டுள்ளன. வெயிலில் மின்னி, காற்றில் ஒலியெழுப்பும் பளபளப்பான நாடாவைப் பயிருக்குச் சற்று மேலே கம்பங்களிற் கட்டுதல் ஒன்று. வயலின் ஓரத்து இரண்டு மூன்று வரிசைகளில் மக்காச்சோளக் கதிரை அதன் இலைகளாலேயே சுற்றிவைத்தல் மற்றொன்று. பறவைகள் ஓரத்தையே முதலிற் தாக்குவதால் இது பயனளிக்கிறது. ஒரே முறையை நெடுநாள் கையாண்டால் பறவைகள் அதற்குப் பழகிவிடும். மணி முற்றும் சில வாரங்களில் மட்டும், முறைகளை மாற்றி மாற்றிக் கையாளுதல் சிறந்தது.

பள்ளிக்கூடத்தில் கிளி

இனி மூன்றாவது வழி. கூண்டின்றிக் கிளியைப் பெற விரும்பும் பள்ளிக்கு ஒரு முதிர்ந்த மரமே போதும். கீழ்க்காணும் பயிற்சிகளுக்குச் செலவு ஏதுமில்லை.

மாலையில் கிளிகள் கூட்டங்கூட்டமாக அடையும் மரத்தைக் கண்டுபிடித்து, சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னதாகவே மாணவர்களை நிறுத்தி, வரும் கூட்டங்களின் எண்ணிக்கை, திசை, நேரம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்யலாம். வாரந்தோறும் இக்கணக்கை எடுப்பின், பருவத்தோடு எண் மாறுவதை மாணவர் தாமே காண்பர். ஆரமுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பிரித்தறியலாம். எம்மரத்தின் எப்பகுதியை எம்மாதத்தில் தின்கின்றன என்று அட்டவணை தயாரிக்கலாம். கால்விரல்களில் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருத்தலையும், காலாலேயே உணவைப் பற்றி உண்ணுதலையும் படமாக வரையலாம். பொந்துகளைத் தொலைவிலிருந்து மட்டுமே நோக்க வேண்டும். அவற்றின் இடத்தை வெளியாருக்குக் கூறலாகாது.

தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரி மாதத்தில் கல்வி வளாகங்களில் நடைபெறும் கணக்கெடுப்பிலும் பள்ளிகள் பங்கு பெறலாம். மாணவர் குறிக்கும் எண்கள் அங்கே நாட்டின் பறவைப் பதிவுகளோடு சேர்கின்றன. வெளிநாட்டுக் கிளிகளை அருகிற் காண விரும்புவோர் மைசூரிலுள்ள சுகவனத்திற்குச் செல்லலாம். 468 இனப் பறவைகள் உள்ளமைக்காக அது 2017இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

மரமே முடிவில் முக்கியமானது. சாலை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் முதிர்ந்த மரம் வெட்டப்படும்போது, அதன் இடத்தில் நடப்படும் கன்றிற் பொந்து தோன்றப் பல பத்தாண்டுகள் செல்லும். பட்டுப்போன கிளையாயினும், நடப்போருக்கு அபாயமில்லாத இடத்தில் அதனை விட்டுவைத்தல் பொந்துவாழ் பறவைகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.

கிளி எங்கே கிடைக்கும் என்று கேட்கும் பிள்ளையை, மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளி வாயிலிலுள்ள மரத்தடிக்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் அளிக்கக்கூடிய நேரான விடை. பச்சைக் கூட்டம் ஒன்று கீச்சிட்டவாறு தலைக்குமேல் விரைந்து வந்து இலைகளுக்குள் மறையும். அதனை ஒருமுறை எண்ணிப் பழகிய பிள்ளை, மறுநாளும் எண்ணுவதற்கு வந்து நிற்கும்.